கன்சோல் கடைகளோடு மல்லுக்கட்டி அலுத்துப்போச்சு

சேவ்பாயிண்ட்

புலம்பல் பகுதியில் போட வேண்டிய திரி. அங்கே யாரும் எட்டிப் பார்ப்பதில்லை, அதனால் இங்கேயே.

சோனியின் கேம் பெட்டியான பிஎஸ்5 (பிளேஸ்டேஷன் 5) 2021 பிப்ரவரியில் இந்தியாவுக்கு வந்தபோது டிஸ்க் போடுகிற மாடல் 49,990 ரூபாய், டிரைவ் இல்லாத டிஜிட்டல் மாடல் 39,990. பத்தாயிரம் மிச்சம் என்று எனக்குத் தெரிந்தவர்களில் பலர் டிஜிட்டல் பக்கம் சாய்ந்தார்கள். சோனியின் சொந்த கேம்கள் அப்போதே 4,999. டிஸ்க் வைத்திருப்பவர் ஆடி முடித்துவிட்டுப் பாதி விலைக்குத் தள்ளினால்கூட நாலு கேமில் அந்தப் பத்தாயிரம் கைக்கு வந்துவிடும். டிஜிட்டல்காரருக்கு ஒன்றும் வராது. அதைவிட மோசம், அவருக்கு ஒரே கடைதான். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு கடையில் விலை படியவில்லை என்றால் அடுத்த படி ஏறலாம். கன்சோலுக்குள் இருக்கிற கடையில் யாரிடம் பேரம் பேசுவது? அமெரிக்காவிலாவது மற்ற கடைகள் பிளேஸ்டேஷன் கேம்களின் டவுன்லோடு கோடுகளை (கேமை இறக்குவதற்கான எண்களை) விற்றுக்கொண்டிருந்தன. முழு கேம் கோடுகளை அப்படி விற்பதை 2019 ஏப்ரலோடு சோனி நிறுத்திவிட்டது.

சரி, ஒரே கடை என்றால் அந்த ஒன்றையாவது ஒழுங்காக வைத்திருக்க வேண்டாமா? ஒரு கேமைத் தேடினால் ஸ்டாண்டர்ட், டீலக்ஸ், அல்டிமேட் என்று வரிசையாக அட்டைகள். நடுவில் கேம் மாதிரியே முகம் காட்டும் ஒரு பொதி, திறந்தால் பாத்திரத்துக்குப் போடுகிற உடைகள் மட்டும். எதில் கதைத் தொடர்ச்சி இருக்கிறது, எதில் வெறும் தொப்பி இருக்கிறது என்பது கீழே பொடி எழுத்தில். முன்பதிவு செய்தால் மூன்று நாள் முன்னாலேயே ஆடலாம் என்கிறார்கள். அப்படியானால் அந்த மூன்று நாளும் மற்றவர்களுக்கு வேண்டுமென்றே பூட்டி வைக்கிறார்கள் என்றுதானே அர்த்தம்?

சமீபத்தில் நான் வாங்கிய ஒரு கேம் பாதி ஆட்டத்தில் சேவ் கோப்பைக் கெடுத்துவிட்டது. கடையின் பெயர் வேண்டாம். கடைக்காரர் "டெவலப்பரைக் கேளுங்கள்" என்றார். டெவலப்பர் "வாங்கிய இடத்தில் கேளுங்கள்" என்றார். இரண்டு பேரும் ரொம்ப மரியாதையாகத்தான் பேசினார்கள்.

ஆடித்தள்ளுபடி

சேவ், உங்கள் கணக்கில் ஒரு ஓட்டை. 4,999 கொடுத்து முதல் நாளே வாங்குகிறவருக்குத்தான் அது பொருந்தும். யார் வாங்கச் சொன்னது? பெரும்பாலான கேம்கள் ஒரு வருடத்தில் பாதி விலைக்கு வந்துவிடும், இரண்டு வருடம் பொறுத்தால் இன்னும் கீழே. விருப்பப் பட்டியலில் போட்டுவிட்டு மறந்துவிடுங்கள், விலை இறங்கும்போது அதுவே சொல்லும். அதற்குள் பேட்ச் (பிழைதிருத்தம்) எல்லாம் வந்து கேமும் ஆடுகிற நிலைக்கு வந்திருக்கும். சைபர்பங்க் 2077 ஞாபகம் இருக்கிறதா? 2020 டிசம்பர் 10 வெளியீடு. ஒரே வாரத்தில் சோனி தன் கடையிலிருந்தே அதைத் தூக்கி, வாங்கியவர்களுக்குப் பணத்தைத் திருப்பித் தருவதாக அறிவித்தது. திரும்ப விற்பனைக்கு வந்தது 2021 ஜூன் 21-இல். முதல் நாள் வாங்கியவர்கள் காசு கொடுத்துச் சோதனை எலியானார்கள்.

இன்னொன்று. நான் ஆடுவதில் பாதிக்கு மேல் சின்ன ஸ்டுடியோ கேம்கள். அவற்றில் பலதுக்கு டிஸ்க்கே கிடையாது. டிஜிட்டல் கடை இல்லை என்றால் அந்தப் பையன்களுக்கு வாழ்வே இல்லை. ரிச்சி ஸ்ட்ரீட்டில் போய் யாராவது இண்டி கேம் கேட்டுப் பாருங்கள், ஃபிஃபா வேண்டுமா என்பார்கள்.

பட்டன்பிசாசு

கடை ஒழுங்காக இருக்கிறதா என்று கேட்டீர்களே. நேற்று நிண்டெண்டோவின் ஆன்லைன் கடையான ஈஷாப்பில் "சலுகைகள்" பக்கத்தைத் திறந்தேன். 99 சதவீதத் தள்ளுபடியில் ஏதோ ஒரு பண்ணை சிமுலேட்டர், அதே அட்டைப்படத்தில் ஒரு மருத்துவமனை சிமுலேட்டர், அதே முகத்தோடு ஒரு பூனை சிமுலேட்டர். அட்டையில் இருக்கிற பெண்ணுக்கு ஆறு விரல். அவர்களுடைய பழைய ஸ்விட்ச் கன்சோலில் அந்தப் பக்கம் உருள்வதற்குள் டீ ஆறிவிடும். ஸ்விட்ச் 2-இல் வேகமாக உருள்கிறது, அதே குப்பை சீக்கிரம் கண்ணில் படுகிறது. அவ்வளவுதான் முன்னேற்றம்.

டிஸ்க்தாசன்

விலையைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். எனக்கு விலை இரண்டாம் பட்சம். கடை மூடினால் என்ன ஆகும் என்பதுதான் என் கேள்வி. மூடியும் இருக்கிறார்கள், கற்பனை இல்லை.

நிண்டெண்டோவின் பழைய வீ கன்சோலுக்கான கடை, வீ ஷாப் சேனல், 2019 ஜனவரி 30-இல் மூடப்பட்டது. அடுத்தது 3டிஎஸ், வீ யூ என்ற அவர்களுடைய மற்ற இரண்டு கன்சோல்களின் ஈஷாப். 2023 மார்ச் 27-க்குப் பிறகு அங்கே எதையும் வாங்க முடியாது. அதற்கு முன்பே 2022 மே மாதம் கிரெடிட் கார்டில் பணம் வாங்குவதை நிறுத்தினார்கள், ஆகஸ்டில் பரிசு அட்டையை நிறுத்தினார்கள். ஒரு கதவாக அடைத்துக்கொண்டே வந்தார்கள். 2024 ஏப்ரலில் ஆன்லைன் ஆட்டமும் போயிற்று. புஷ்மோ என்று ஒரு புதிர் கேம் 3டிஎஸ்ஸில் வந்தது, பெட்டிகளை இழுத்து இழுத்து மேலே ஏற வேண்டும். கார்ட்ரிட்ஜில் வரவே இல்லை. அன்று வாங்காதவர் இன்று 3டிஎஸ் கேமாக அதை நேர்வழியில் வாங்க வழியே இல்லை. நிண்டெண்டோ அப்போது இன்னமும் உயிரோடு, லாபத்தோடு இருந்த கம்பெனி என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சோனியும் 2021 மார்ச்சில் பிஎஸ்3, பிஎஸ்பி, வீட்டா என்ற தன் பழைய கன்சோல்களின் கடைகளை மூடப்போவதாக அறிவித்தது. ஆட்கள் கூச்சல் போட்டார்கள். மூன்றே வாரத்தில் அப்போதைய பிளேஸ்டேஷன் தலைவர் ஜிம் ரயன் பின்வாங்கினார், பிஎஸ்3-உம் வீட்டாவும் தப்பின. பிஎஸ்பி மட்டும் பலி. கூச்சலால் தப்பித்தது என்றால் அடுத்த முறை கூச்சல் போட ஆள் குறைந்திருப்பார்கள், அவ்வளவுதான். மைக்ரோசாஃப்ட்டின் எக்ஸ்பாக்ஸ் 360 கடை 2024 ஜூலை 29-இல் போனது.

கடை திறந்திருக்கும்போதே காணாமல் போவது தனிக் கதை. கோனாமியின் பி.டி. என்கிற டெமோ (மாதிரி ஆட்டம்) 2014 ஆகஸ்டில் இலவசமாக வந்தது, 2015 ஏப்ரலில் கடையிலிருந்து எடுத்துவிட்டார்கள். அதை நிறுவியிருந்த பழைய பிஎஸ்4 பெட்டிகளை ஈபேயில் கொள்ளை விலை சொல்லி விற்றார்கள். ஸ்காட் பில்கிரிம் கேம் 2014 டிசம்பர் கடைசியில் மறைந்து 2021 ஜனவரியில்தான் திரும்பியது. நடுவில் ஆறு வருடம் அது எங்கும் விற்பனைக்கு இல்லை.

ஒத்திக்கு வீடு எடுத்தால்கூடக் காலி செய்யும்போது கொடுத்த பணம் முழுதாகத் திரும்ப வரும். இந்தக் கடைகளில் அதுவும் இல்லை.

கொழும்புக்கரை

அண்ணாமார் எல்லாரும் "நம்ம நாட்டுக் கடை" என்று கதைக்கிறீர்கள். எங்களுக்கு அந்தக் கடையே இல்லை. பிளேஸ்டேஷன் நெட்வொர்க் (பிஎஸ்என்) இலங்கையில் அதிகாரபூர்வமாகக் கிடையாது. கணக்குத் திறக்கும்போது நாடு தெரிவு செய்கிற பட்டியலில் எங்கள் பெயர் இல்லை. அதனால் ஆளுக்கொரு நாட்டுக்காரராகிறோம். என் அயலில் ஒருவர் அமெரிக்கர், இன்னொருவர் சிங்கப்பூர்க்காரர், நான் இந்தியன். ஒருக்கால் தெரிவு செய்த நாட்டைப் பிறகு மாற்றவும் ஏலாது. எங்கள் கார்டு அந்த நாட்டுக் கடையில் வேலை செய்யாது, ஆகவே பரிசு அட்டை. அட்டை விற்கிறவர் தன் லாபத்தையும் சேர்த்துத்தான் விற்பார். கணக்குக்கு ஏதாவது நடந்தால் முறைப்பாடு செய்யவும் வழியில்லை, ஏனென்றால் நாங்கள் கொடுத்த விலாசமே எங்களுடையது இல்லை.

டிஸ்க் வாங்கினால் தப்பலாம் என்று நினைக்க வேண்டாம். கொழும்பு யூனிட்டி பிளாசாக் கடைகளில் கிடைக்கிற டிஸ்க் எந்த நாட்டுக்கு அடித்தது என்று பார்த்து வாங்க வேணும். டிஸ்க்கும் கணக்கும் வேறு வேறு பிராந்தியம் என்றால் கேம் ஓடும், ஆனால் டிஎல்சி, அதாவது பிறகு தனியாக வாங்குகிற கூடுதல் பகுதி, ஒட்டாது.

ஹெல்டைவர்ஸ் 2 கேம் விசயம் தெரியும்தானே? 2024 மே மாதம், கணினி கேம் கடையான ஸ்டீமில் வாங்கியவர்களும் பிஎஸ்என் கணக்கை இணைக்க வேண்டும் என்று சோனி சொன்னது. பிஎஸ்என் இல்லாத நாட்டுக்காரருக்கும் அதுவரை அந்த கேமை விற்றிருந்தார்கள்! ஸ்டீமில் இரண்டு லட்சத்துக்கு மேல் எதிர் விமர்சனம் குவிந்தது. 177 நாடுகளிலும் பிரதேசங்களிலும் விற்பனையையே நிறுத்தினார்கள். சில நாளிலேயே கணக்கு இணைக்கிற விதியைக் கைவிட்டார்கள், விற்பனைத் தடையை உடனே எடுக்கவில்லை. காசு கொடுக்க ஆயத்தமாக நிற்கிறவனிடம் "உன் காசு வேண்டாம்" என்று சொல்லுகிற வியாபாரம் எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை.

சேவ்பாயிண்ட்

கொழும்பு, இதைப் படித்ததும் என் புலம்பலைக் கொஞ்சம் அடக்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது. இருந்தாலும் இங்கேயும் நிலைமை அவ்வளவு நேராக இல்லை. நிண்டெண்டோ இந்தியாவில் அதிகாரபூர்வமாகக் கடை விரிக்கவே இல்லை. ஸ்விட்ச் வைத்திருக்கிற எல்லாரும் யாராவது இறக்குமதி செய்ததைத்தான் வாங்கியிருக்கிறோம், ஈஷாப்பில் நாங்களும் அமெரிக்கர்கள்தான். ஒரே ஆறுதல், நிண்டெண்டோ கணக்கில் இருப்பைக் காலி செய்துவிட்டு நாட்டை மாற்றிக்கொள்ளலாம், ஸ்விட்ச் கார்ட்ரிட்ஜுக்கு பிராந்தியப் பூட்டும் இல்லை. 3டிஎஸ்ஸில் அந்தப் பூட்டும் இருந்தது.

பணம் கட்டுவதே தனிப் போராட்டம். மாதாமாதம் தானாகக் கழிகிற சந்தாக்களுக்கு ரிசர்வ் வங்கி 2021 அக்டோபரிலிருந்து புது விதி கொண்டுவந்தது. கடைகள் கார்டு எண்ணைச் சேமித்து வைக்கக் கூடாது என்பது 2022 அக்டோபரிலிருந்து. இரண்டும் நம் பாதுகாப்புக்குத்தான், குறை சொல்லவில்லை. ஆனால் வெளிநாட்டுக் கடைகள் அதற்கேற்ப மாறுவதற்குள் பலருடைய சந்தா அறுந்தது. பிளேஸ்டேஷன் பிளஸ் சந்தா அறுந்தால் மாதாமாதம் எடுத்து வைத்த "இலவச" கேம் எல்லாம் பூட்டிக்கொள்ளும்.

ஆடித்தள்ளுபடி, பொறுமை நல்ல குணம்தான். ஆனால் தாசர் சொன்ன ஸ்காட் பில்கிரிமுக்கு ஒருவர் தள்ளுபடி வரட்டும் என்று காத்திருந்தார் என்று வையுங்கள். கேமே போய்விட்டது. காத்திருக்கச் சொல்கிற நீங்கள், எதற்குக் காத்திருக்கக் கூடாது என்பதையும் சொல்ல வேண்டும்.

பொடியெழுத்து

எல்லாரும் "வாங்கினேன், வாங்கினேன்" என்கிறீர்கள். ஒப்பந்தத்தைப் படித்தீர்களா? உங்களுக்குக் கொடுத்தது உரிமம், அதுவும் திரும்பப் பெறக்கூடிய உரிமம். இது ஆரம்பத்திலிருந்தே அப்படித்தான் எழுதியிருக்கிறது. கலிபோர்னியாவில் இதற்கென்றே ஒரு சட்டம் போட்டார்கள், ஏபி 2426, 2025 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கிறது. டிஜிட்டல் கடையில் "வாங்கு" என்று பொத்தான் வைத்தால் இது உரிமம் மட்டுமே என்பதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். இணையம் இல்லாமலே நிரந்தரமாக வைத்துக்கொள்ளும்படி இறக்கித் தருகிறவர்களுக்கு விலக்கு உண்டு. 2024 அக்டோபரிலேயே ஸ்டீம் கூடைப் பக்கத்தில் இது உரிமம்தான் என்று ஒரு வரி சேர்த்தது. நிறுவுகோப்பையே கையில் தருகிறோம் என்று இன்னொரு கணினி கேம் கடையான ஜிஓஜி அதைக் கிண்டல் செய்து விளம்பரம் தேடிக்கொண்டது. கன்சோல் பக்கம் ஜிஓஜி மாதிரி ஒரு கடை வரப்போவதில்லை. கன்சோலே ஒரு பூட்டுதான்.

டிஸ்க்தாசனுக்கு ஒரு கசப்பான செய்தி. டிஸ்க்கும் காப்பாற்றாது. யூபிசாஃப்ட்டின் தி க்ரூ 2014-இல் வந்த கார்ப் பந்தய கேம். தனியாக ஓட்டினாலும் சர்வர் வேண்டும். 2024 மார்ச் 31-இல் சர்வரை அணைத்தார்கள், அன்றோடு டிஸ்க் வைத்திருந்தவர் கையிலும் பிளாஸ்டிக் தட்டுதான். அதிலிருந்துதான் ராஸ் ஸ்காட் தொடங்கிய "ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்" இயக்கம் வந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் அவர்கள் கொடுத்த குடிமக்கள் மனு 2025 ஜூலையில் பத்து லட்சம் கையெழுத்தைத் தாண்டியது. காலம் முழுக்க சர்வர் ஓட்டு என்று அவர்கள் கேட்கவில்லை. விட்டுப் போகும்போது ஆடக்கூடிய நிலையில் விட்டுப் போ என்கிறார்கள். நியாயமான கோரிக்கை.

டிஸ்க்தாசன்

தி க்ரூ பற்றித் தெரியும். சர்வர் இல்லாமல் ஓடாத கேமை நான் டிஸ்க்காக வாங்குவதும் இல்லை. அதை வைத்து எல்லா டிஸ்க்கையும் எடை போட்டால் எப்படி? ஆன்லைன் தேவைப்படாத ஒரு பிஎஸ்2 டிஸ்க்கை இன்று போட்டாலும் ஓடுகிறது. யாரிடமும் அனுமதி கேட்பதில்லை.

பிஎஸ்4-இல் அந்த அனுமதி ஆபத்து இருந்தது உண்மை. உள்ளே இருக்கிற சின்ன பேட்டரி செத்து, நேரத்தைச் சரிபார்க்க பிஎஸ்என்னும் இல்லை என்றால் டிஸ்க் கேமே ஓடாது. கேமில் சாதனைக்குத் தருகிற கோப்பை (ட்ரோஃபி) கிடைத்த நேரத்தில் யாரும் ஏமாற்றக் கூடாது என்பதற்காக வைத்த சோதனை அது. ஒரு கேலிக் கோப்பையைக் காப்பாற்ற மொத்தப் பெட்டியையும் அடமானம் வைத்திருந்தார்கள்! 2021 செப்டம்பரில் வந்த 9.00 மென்பொருளில் சத்தமில்லாமல் சரிசெய்தார்கள். கேட்டவர்கள் இருந்ததால்தான் செய்தார்கள்.

இப்போது ஸ்விட்ச் 2-இல் புது வித்தை, கேம்-கீ கார்டு. அட்டை உண்டு, உள்ளே கேம் கிடையாது. போட்டதும் இணையத்திலிருந்து இறக்க வேண்டும், ஆடும்போதும் அட்டை செருகியிருக்க வேண்டும். டிஜிட்டலின் தொல்லையும் அட்டையின் தொல்லையும் ஒன்றாக. ஆனால் சைபர்பங்க் 2077 அதே ஸ்விட்ச் 2-க்கு 64 ஜிபி அட்டையில் முழுசாக வந்தது. அவ்வளவு பெரிய கேமையே அடைக்க முடிகிறது என்றால் மற்றவர்கள் சொல்வதெல்லாம் செலவு மிச்சம் பிடிக்கிற கதை.

ஆடித்தள்ளுபடி

தாசரே, அந்த கீ கார்டை மறுவிற்பனை செய்யலாம், இரவல் கொடுக்கலாம். வெறும் டவுன்லோடை விட ஒரு படி மேல். அதையும் சொல்லுங்கள்.

கம்பெனிகள் எல்லாமே வில்லன்கள் என்கிற தொனியும் எனக்கு ஒப்பவில்லை. சோனியின் ஆன்லைன் கேம் கான்கார்ட் 2024 ஆகஸ்ட் 23-இல் வந்தது, ஆடுவதற்கு ஆளில்லை, செப்டம்பர் 6-இல் இழுத்து மூடினார்கள். ஆனால் வாங்கிய எல்லாருக்கும் முழுப்பணம் திரும்பப் போயிற்று. எக்ஸ்பாக்ஸையும் பாருங்கள். 2013-இல் இருபத்துநாலு மணிக்கு ஒருமுறை இணையத்தில் தலை காட்டு, பழைய டிஸ்க் விற்பனைக்குக் கட்டுப்பாடு என்று ஆரம்பித்தார்கள். ஆட்கள் கொதித்ததும் ஜூன் 19-ஆம் தேதியே வாபஸ். அதே கம்பெனிதான் இன்று பழைய கேம்களைப் புதுப் பெட்டியில் ஓட வைப்பதில் மற்ற இருவரையும் விட மேல். 360 கடை மூடினாலும் புதுப் பெட்டியில் ஓடுகிறவை என்ற பட்டியலில் உள்ள 360 கேம்கள் புதுக் கடையில் கிடைக்கின்றன.

பணம் திருப்பித் தருவதில் மட்டும் நான் சேவ் பக்கம். ஸ்டீமில் பதினாலு நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் கேள்வி இல்லை. பிளேஸ்டேஷனிலும் பதினாலு நாள்தான், ஆனால் டவுன்லோடு தொடங்கியிருக்கக் கூடாது, கேமிலேயே கோளாறு என்றால்தான் விலக்கு. இறக்காமல் எப்படி ஆடிப் பார்ப்பது? பையைத் திறக்காமலே அரிசி நன்றாயிருக்கிறதா என்று சொல்லச் சொல்கிறார்கள் என்று எழுதலாம் என்று பார்த்தேன், தாசர் ஏற்கனவே ஒத்தி வீட்டைக் கொண்டுவந்துவிட்டார்.

மூலைசீட்

இவ்வளவு கஷ்டம் எதற்கு? எமுலேட்டர் (பழைய கன்சோல் மாதிரி நடிக்கிற மென்பொருள்) போடுங்கள், எல்லாம் கிடைக்கும். லிங்க் வேண்டுவோர் தனிமடலில்

மட்டுறுத்துநர்

மூலைசீட், கடைசி வரியை நீக்கச் சொல்லியிருக்கிறேன். எமுலேட்டர் பற்றிப் பேசலாம், கள்ளப் பிரதி இணைப்புப் பரிமாற்றம் இங்கே வேண்டாம். தனிமடலிலும்.

பொடியெழுத்து

மட்டுறுத்துநர் சொன்னது சரி. ஆனால் மூலைசீட் கேட்பதில் ஒரு விஷயம் இருக்கிறது. வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023 ஜூலையில் ஓர் ஆய்வு வெளியிட்டது. அமெரிக்காவில் 2010-க்கு முன் வந்த கேம்களில் 87 சதவீதம் அப்போது விற்பனையில் இல்லை. நூலகங்கள் இவற்றை ஆய்வாளர்களுக்குத் தொலைவிலிருந்து திறந்து காட்டவாவது அனுமதி வேண்டும் என்று கேட்டார்கள். 2024 அக்டோபரில் அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் மறுத்துவிட்டது. நானும் விற்க மாட்டேன், நூலகத்துக்கும் தர மாட்டேன், நீ எடுத்தால் திருட்டு. இந்த மூன்றையும் ஒரே வாயால் சொல்கிறார்கள். கள்ளப் பிரதிக்கு இதைவிடப் பெரிய விளம்பரம் யாரும் செய்ய முடியாது.

புதுக்கன்ட்ரோலர்

வணக்கம், புதுசு. முழுத் திரியும் படித்தேன், தலை சுற்றுகிறது. அடுத்த மாதம் பிஎஸ்5 வாங்கலாம் என்று இருக்கிறேன். மெல்லிய மாடலில் டிரைவைப் பிறகு மாட்டிக்கொள்ளலாம் என்கிறார்களே, இப்போது டிஜிட்டல் வாங்கிவிட்டு அப்புறம் மாட்டினால் போதாதா? சொந்த ஊர் சங்கரன்கோவில் பக்கம், நெட் சுமார்தான்.

சேவ்பாயிண்ட்

போதாது. தனி டிரைவை முதலில் மாட்டும்போது இணையத்தில் பதிவு செய்தால்தான் வேலை செய்யும். பெட்டியும் டிரைவும் சேர்ந்தே வருகிறதை வாங்குங்கள். 2024 ஏப்ரலில் மெல்லிய மாடல் இங்கே வந்தபோது டிஸ்க் 54,990, டிஜிட்டல் 44,990, அதே பத்தாயிரம் வித்தியாசம்தான். வாங்கும்போது இன்றைய விலையைப் பாருங்கள்.

நெட் சுமார் என்றால் டிஸ்க்தான் ஒரே வழி. அப்போதும் பேட்ச் இறங்கும், ஆனால் பல கேம்களை டிஸ்க்கில் இருப்பதை நிறுவியே ஆட ஆரம்பித்துவிடலாம். எந்த கேம் டிஸ்க்கில் முழுசாக இருக்கிறது என்பதைச் சோதித்துப் பட்டியல் போடுகிற ஆட்கள் இணையத்தில் இருக்கிறார்கள், வாங்குமுன் அதைத் தேடிப் பாருங்கள்.

ஆடித்தள்ளுபடி

டிஸ்க் மாடலே வாங்குங்கள், நானும் அதையே சொல்வேன். டிஸ்க் டிரைவ் இருந்தால் ஆன்லைன் கடைத் தள்ளுபடியும் உங்களுக்கு உண்டு. சின்ன கேம்களைக் கடையில் வாங்குங்கள், பெரிய கேம்களைப் பழைய டிஸ்க்காக.

கொழும்புக்கரை

கணக்குத் திறக்கும்போது நாட்டை மட்டும் கவனமாகப் பாருங்கள் தம்பி. அமெரிக்கக் கடையில் அந்த கேம் மலிவு, இந்த கேம் மலிவு என்று யாராவது சொல்லுவார்கள், கேட்க வேண்டாம். உங்களுக்குச் சொந்த நாட்டுக் கடை இருக்கிறது.

டிஸ்க்தாசன்

பழைய டிஸ்க் வாங்கும்போது பின்பக்கத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள், கீறல் தெரியும். பெட்டிக்குள் இருக்கிற டிஎல்சி கோடு ஏற்கனவே பயன்படுத்தியதாகத்தான் இருக்கும், அதற்கென்று தனியாகக் காசு கேட்டால் கொடுக்காதீர்கள். ஆன்லைனில் மட்டுமே ஓடுகிற கேம் என்றால் அட்டையிலேயே எழுதியிருக்கும், அந்த டிஸ்க்கை எந்த விலைக்கும் எடுக்க வேண்டாம்.

புதுக்கன்ட்ரோலர்

நன்றி அண்ணா எல்லாருக்கும். டிஸ்க் மாடல் என்று முடிவு செய்துவிட்டேன். கோஸ்ட் ஆஃப் சுஷிமா பழைய டிஸ்க் யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள்.

மட்டுறுத்துநர்

விற்க, வாங்க தனிப் பகுதி இருக்கிறது. அங்கே போடுங்கள்.